பாலர் பாடசாலை டீச்சராக எந்தப் பயிற்சியை எடுப்பது?

பாலர் பாடசாலை டீச்சராக வர நினைக்கும் ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பிள்ளை ஒருவருக்கு இன்று நாலு வழி தெரிகிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் முன்பள்ளி ஆசிரியருக்கான என்.வி.கியூ 4ஆம் மட்டம் ஒன்று. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் இன்னொன்று. தனியார் நிறுவனங்கள் நடத்தும் மொன்டிசோரி டிப்ளோமா மூன்றாவது. உயர்தரத்தில் இசட் புள்ளி கைகொடுத்தால் பக்கத்திலேயே அட்டாளைச்சேனை தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. எதற்குக் காசு குறைவு, எந்தச் சான்றிதழ் சீக்கிரம் கைக்கு வரும் என்று வீட்டில் கணக்குப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கும் வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளோடு, அனுபவமுள்ள ஒரு டீச்சர் பார்த்துத் திருத்த, இந்தப் பயிற்சி நம்மை எத்தனை நாள் இருக்கவிடும்?

இந்தக் கேள்வியை முன்னால் வைக்கக் காரணம், இந்த வேலைக்கு முதலில் வேண்டிய திறமை பிள்ளையோடு கதைப்பதுதான். பாட்டு, கைவேலை, அழகான கையெழுத்து எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. அமெரிக்காவில் 4 முதல் 6 வயது வரையான 36 பிள்ளைகளை வைத்து நடந்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெரியவர்கள் பிள்ளையின் காதில் எத்தனை சொல்லைப் போட்டார்கள் என்பதைவிட, பெரியவரும் பிள்ளையும் எத்தனை தடவை மாறி மாறிக் கதைத்தார்கள் என்பதே மொழியைக் கையாளும் மூளைப் பகுதியின் செயற்பாட்டோடு தொடர்புபட்டிருப்பதைக் கண்டது. சின்ன ஆய்வுதான், ஆனால் அது காட்டும் திசை தெளிவானது. “டீச்சர், எங்கட மாடு கண்டு போட்டிருக்கு” என்று பிள்ளை ஓடி வருகிறது. “சரி, போய் இரு” என்று சொல்லலாம். “கண்டு என்ன நிறம்? எழும்பி நிற்குதா? பால் குடிக்குதா?” என்றும் கேட்கலாம். இரண்டாவது விதமாகக் கேட்ட டீச்சர் அந்த ஒரு நிமிடத்தில் நிறத்தையும் வினையையும் நிகழ்வு வரிசையையும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார். இருபது பிள்ளைகள் சுற்றி நிற்க, இதை நாள் முழுக்கச் சளைக்காமல் செய்வது லேசுப்பட்ட காரியமல்ல. ஆலையடிவேம்புப் பிரதேசத்துக்குள்ளேயே அளிக்கம்பை இருக்கிறது. தெலுங்கு சார்ந்த பேச்சுமொழியைப் பரம்பரையாகப் பேசிவந்த வனக்குறவர் குடும்பங்களின் ஊர் அது. அப்படியொரு வீட்டிலிருந்து வரும் பிள்ளை முதல் வாரம் வாய் திறக்காமல் இருந்தால், அதை மந்தம் என்று நினைக்காமல், இன்னொரு மொழியைக் கேட்டுப் பழகுகிறது என்று விளங்கிக்கொள்ளும் காது டீச்சருக்கு வேண்டும்.

“அது பிறவிக் குணம். பொறுமையும் பிள்ளைகள் மேல் பாசமும் உள்ள எந்தப் பெண்ணும் செய்வாள், படிப்பு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. பாசம் இல்லாதவர் இந்த வேலைக்கு வரவே கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பாசம் மட்டும் போதும் என்பதற்குச் சான்றில்லை. முன்பள்ளியின் பயனுக்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டப்படும் மிச்சிகன் மாநிலத்துப் பெர்ரி முன்பள்ளி 1962 முதல் 1967 வரை நடந்தது. ஆய்வில் சேர்ந்த 123 பிள்ளைகளில் 58 பேர் அதில் படித்தார்கள். அங்கே பாசத்தோடு சேர்ந்து இருந்தவை: பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், ஓர் ஆசிரியருக்கு ஐந்தாறு பிள்ளைகள், வாரம் தவறாத வீட்டு வருகை. ஐந்தாறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற அந்த எண்ணிக்கை நமக்குக் கிடைக்கப்போவதில்லை. வீட்டுக்குப் போய்ப் பெற்றாரோடு கதைப்பதற்கு மட்டும் பெரிய செலவில்லை. தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, அம்மம்மாவோடு வளரும் பிள்ளையைப் பற்றி அம்மம்மாவிடம் கேட்கத் தெரிவதும் பயின்று வர வேண்டிய திறமையே.

இதைவிட வலுவான மறுப்பு பெற்றாரிடமிருந்து வருகிறது. எழுத்தும் இலக்கமும் கொப்பியில் தெரியாவிட்டால் அடுத்த தெரு முன்பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பயம் மூன்று வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே முதலாம் ஆண்டில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் கொடுத்து, மேசை வேலையைப் பின்னால் வைத்தது. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டபோது, பதினொரு வயதளவில் வாசிப்பில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே டீச்சருக்கு இன்னொரு தகைமையும் வேண்டும்: ஏன் இன்று எழுதவில்லை, அதற்குப் பதிலாகப் பிள்ளை என்ன கற்றது என்று பெற்றாருக்கு அச்சமில்லாமல் விளக்குவது.

இனி வழிகளைப் பார்ப்போம். கல்வியியற் கல்லூரிப் படிப்பு மூன்று வருடம். இரண்டு வருடம் கல்லூரியில், கடைசி வருடம் பாடசாலையில் கட்டுறுபயிலுநராக. தரமான பயிற்சி, அரச நியமனமும் உண்டு. ஆனால் அது அரச பாடசாலைக்கான பாதை. அந்த நியமனம்தான் குறிக்கோள் என்றால் தயங்காமல் அங்கே போங்கள். முன்பள்ளியைக் காத்திருக்கும் இடமாக்காதீர்கள், வருடத்தின் நடுவில் டீச்சர் போய்விட்டால் பிள்ளைகள்தான் தவிப்பார்கள். என்.வி.கியூ, வேலையைச் செய்துகாட்டச் சொல்லி மதிப்பிடும் முறை என்பதால், புதிதாக வருபவருக்கு என் முதல் தெரிவு அதுவே. ஏற்கெனவே பல வருடம் படிப்பிப்பவர்கள் தங்கள் அனுபவத்தையே மதிப்பிடச் செய்து அதே சான்றிதழைப் பெறவும் வழியுண்டு. திறந்த பல்கலைக்கழகச் சான்றிதழ், காரணம் அறிந்து செய்ய விரும்புபவருக்கு நல்லது. டிப்ளோமாவுக்கு ஏறும் படியும் அங்கே இருக்கிறது. ஆனால் கையில் வகுப்பு ஒன்று இருக்கும்போது அதை எடுத்தால்தான் முழுப் பயன் வரும். மொன்டிசோரி டிப்ளோமாக்களில் நல்லதும் உண்டு, வெறும் குறிப்புக் கொப்பியும் உண்டு. 1907இல் ரோமில் தன் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்த மரியா மொன்டிசோரி ஆசிரியரிடம் முதலில் கேட்டது பிள்ளையைக் கவனித்துப் பார்க்கும் பழக்கத்தை. அதைப் பழக்காத பயிற்சி அவர் பெயரைப் பலகையில் போட்டுப் பயனில்லை.

“கிடைக்கிற சம்பளத்துக்கு இவ்வளவும் வேண்டுமா?” என்ற கேள்வி நியாயமானது. பெரும்பாலான முன்பள்ளிகளில் பெற்றார் கட்டும் மாதக் காசிலிருந்துதான் சம்பளம் வருகிறது. அரச கொடுப்பனவு மிகச் சிறியது. இது அநீதி, மாறியே ஆக வேண்டும். ஆனால் மாகாணமோ மத்திய அரசோ நாளை சம்பளத்தை ஒழுங்குபடுத்தினால், தகைமை உள்ளவர்களிலிருந்துதான் தொடங்கும். அதனால் தேசிய அங்கீகாரமுள்ள சான்றிதழையே தேடுங்கள். காசு கட்டுவதற்கு முன் பயிற்சியின் நேரசூசியை வாங்கிப் பாருங்கள். உண்மையான முன்பள்ளியில் பிள்ளைகளோடு இருக்கும் நாட்கள் அதில் இல்லாவிட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அங்கே சேராதீர்கள்.