கனடா குடியுரிமையும் பயண நாட்களும்: ஒரு கணக்குப் பாடம்

நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய பிள்ளைகள் இன்று டொராண்டோ, பிராம்ப்டன், கால்கரி என்று கனடாவில் வேரூன்றிவிட்டார்கள். பொங்கல் விழாவிலும் நவராத்திரிக் கொலுவிலும் நாம் கூடும்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "பையனால் இப்போது வர முடியாதாம். வந்தால் குடியுரிமை போய்விடுமாம்" என்பார் ஒருவர். "அதெல்லாம் ஒன்றுமில்லை, அங்கே வீடும் பாங்குக் கணக்கும் இருந்தால் போதும்" என்பார் இன்னொருவர்.

இரண்டுமே சரியல்ல. முதல் பேச்சை நம்பினால், தகப்பனார் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதுகூட மகன் கிளம்பத் தயங்குவான். இரண்டாவதை நம்பினால், விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு கையைப் பிசைய வேண்டியிருக்கும். உண்மை நிலை என்ன என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நான் சட்டம் படித்தவனல்லன். ரயில் பாதைப் பராமரிப்பில் காலம் கழித்த டிப்ளமாக்காரன். ஆனால் இந்த விஷயத்தில் சட்டம் கொஞ்சம்தான், கணக்கு அதிகம். வாசகர்கள் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு படித்தால் நல்லது.

அடிப்படை விதி

கனடாவில் நிரந்தரக் குடியிருப்பாளர், அதாவது நாம் பி.ஆர். என்று சொல்கிறோமே அவர், குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், விண்ணப்பத்தில் கையெழுத்திடும் தேதிக்கு முந்தைய 5 ஆண்டுகளில் குறைந்தது 1,095 நாட்கள் கனடா மண்ணில் உடலளவில் இருந்திருக்க வேண்டும். இந்த விதி 2017 அக்டோபர் 11 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன் 2015 முதல் 6 ஆண்டுகளில் 1,460 நாட்கள் என்று கடுமையாக இருந்ததை அப்போது தளர்த்தினார்கள்.

வேறு நிபந்தனைகளும் உண்டு. அந்த 5 ஆண்டுகளில் 3 ஆண்டுகளுக்காவது, சட்டப்படி தேவைப்பட்டால், வருமான வரிக் கணக்கு சமர்ப்பித்திருக்க வேண்டும். 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்கு மொழித் தகுதியும், நாட்டைப் பற்றிய தேர்வும் உண்டு. நம் பாடம் நாட்கணக்கு மட்டுமே.

5 ஆண்டுகள் என்பது, இடையில் ஒரு லீப் நாள் வந்தால் 1,826 நாட்கள். அதில் 1,095 போனால் மீதி 731. ஆகவே 5 ஆண்டுகளும் பி.ஆர். ஆக இருந்தவர் மொத்தம் இரண்டு வருட காலம் வெளியே இருந்திருந்தாலும் தகுதி கெடாது. "வந்தால் போய்விடும்" என்ற பயத்துக்கு இதுவே முதல் பதில்.

கிளம்பும் நாள், திரும்பும் நாள்

ஒரு நாளின் ஒரு பகுதி கனடாவில் கழிந்தாலும் அது முழு நாளாகவே கணக்கில் சேரும். ஆகவே கிளம்பும் நாளும் திரும்பி இறங்கும் நாளும் கனடா நாட்களே. நடுவில் உள்ளவை மட்டுமே வெளிநாட்டு நாட்கள். காலையில் காரில் நயாகரா தாண்டி அமெரிக்கா போய் இரவு திரும்பினால், இழப்பு பூஜ்யம்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. ஒருவர் 2021 ஜூன் 1 அன்று பி.ஆர். ஆகக் கனடாவில் இறங்குகிறார். எங்குமே போகாமல் இருந்தால் 2024 மே 30 அன்று 1,095 நாட்கள் பூர்த்தி. மறுநாள் மே 31 அன்று விண்ணப்பிக்கலாம்.

ஆனால் அவர் இரண்டு முறை இந்தியா வருகிறார். தங்கையின் கல்யாணத்துக்காக 2022 டிசம்பர் 10 கிளம்பி 2023 ஜனவரி 10 திரும்புகிறார். வெளியே இருந்தது டிசம்பர் 11 முதல் ஜனவரி 9 வரை, 30 நாட்கள். பிறகு அம்மாவின் ஆபரேஷனுக்காக 2023 ஆகஸ்ட் 5 கிளம்பி அக்டோபர் 20 திரும்புகிறார். ஆகஸ்டில் 26, செப்டம்பரில் 30, அக்டோபரில் 19. ஆக 75 நாட்கள். இரண்டும் சேர்ந்து 105.

விளைவு என்ன? மே 31 என்பது 105 நாட்கள் தள்ளிப்போய் செப்டம்பர் 13 ஆகிறது. அவ்வளவுதான். குடியுரிமை எங்கும் போகவில்லை. மூன்றரை மாதம் தாமதமாக வருகிறது. ரயில்வே பாஷையில் சொன்னால், வண்டி ரத்தாகவில்லை, லேட்டாக ஓடுகிறது. அம்மாவின் பக்கத்தில் இருந்த 75 நாளுக்கு 75 நாள் காத்திருப்பது பெரிய விலை என்று எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் 13 அன்றே கையெழுத்திட வேண்டியதில்லை. ஒரு நாள் குறைந்தாலும் தகுதி இல்லை என்பதால், இரண்டு மூன்று வாரம் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு விண்ணப்பிப்பதே விவேகம். குடிவரவு இலாகாவும் அதையே சொல்கிறது.

நகரும் ஜன்னல்

இனி வருவது சற்று சூட்சுமமான பகுதி. 5 ஆண்டுகள் என்பது ஓரிடத்தில் நிற்கும் காலம் அல்ல. ஓடும் வண்டியின் ஜன்னல் போல அது நகர்ந்துகொண்டே இருக்கும். தினமும் முன்னால் ஒரு புது நாள் சேர, பின்னால் ஒரு பழைய நாள் மறையும். மறையும் நாள் கனடாவில் இருந்த நாளானால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மறையும் நாள் வெளிநாட்டில் கழித்த நாளானால்தான் கணக்கு ஒன்று கூடும்.

உதாரணம் பாருங்கள். ஒருவர் 2017 ஜனவரி 1 முதல் பி.ஆர். நான்கு வருடம் வெளியே போகவே இல்லை. 2020 டிசம்பர் 31 அன்று குடும்பக் காரணமாக இந்தியா வந்து, 2023 ஜூலை 1 அன்றுதான் திரும்புகிறார். வெளியே இருந்தது 911 நாட்கள். திரும்பி ஒரு வருடம் ஆனதும், "பழைய நாலு வருடத்தோடு இதுவும் சேர்ந்து ஐந்து வருடம் இருந்துவிட்டேனே" என்று அவர் நினைக்கலாம். ஆனால் 2024 ஜூலை 1 அன்று பின்னோக்கிப் பார்த்தால் ஜன்னலில் தெரிவது 2019 ஜூலைக்குப் பிறகு நடந்தவை மட்டுமே. அதில் கனடாவில் இருந்தது இரண்டரை வருடம். போதாது. அடுத்த ஒன்றரை வருடம் அங்கேயே இருந்தாலும், பின்னால் மறைவது கனடா நாட்களே ஆதலால் எண்ணிக்கை அசையாது. 2026 ஜனவரியிலிருந்துதான் ஏறத் தொடங்கி, ஜூன் முடிவில் 1,095ஐத் தொடும். அதாவது திரும்பி வந்த பின் முழுதாக 3 ஆண்டுகள்!

இவர் 2019 முடிவிலேயே 1,095 நாட்களைப் பூர்த்தி செய்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். 2020ல் எந்த நாளும் விண்ணப்பித்திருக்கலாம். ஆகவே பாடம்: தகுதி வந்துவிட்டது, நீண்ட காலம் வெளியே போக வேண்டிய நிலைமையும் தெரிகிறது என்றால், விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

பி.ஆர். ஆவதற்கு முந்தைய காலம்

மாணவராகவோ, வேலை அனுமதியிலோ, விசிட்டராகவோ முறைப்படி கனடாவில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் அரை நாள் கிடைக்கும். அதிகபட்சம் 365 நாட்கள். அதுவும் அந்த 5 ஆண்டு ஜன்னலுக்குள் இருந்தால்தான். இரண்டு வருடப் படிப்புக்குப் பின் ஒரு வருடம் வேலை பார்த்துப் பி.ஆர். ஆனவருக்கு இந்த 365 கிடைத்துவிடும். பிறகு 730 நாட்கள் இருந்தால் போதும். மாணவராக இருந்தபோது கோடை விடுமுறைக்கு ஊர் வந்த நாட்கள் அரைப் பங்குதான் பாதிக்கும். 365 என்ற உச்சவரம்பைத் தாண்டி மிச்சம் இருந்தால் அந்தப் பாதிப்பும் இல்லை.

இரண்டு கணக்கைக் குழப்பக் கூடாது

பி.ஆர். அந்தஸ்தைக் காப்பாற்ற 5 ஆண்டுகளில் 730 நாட்கள். குடியுரிமைக்கு 1,095. இவை வெவ்வேறு கணக்குகள். கனடியக் குடிமகனான கணவருடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாட்களும், கனடிய நிறுவனம் முழுநேர வேலைக்காக வெளிநாட்டுக்கு அனுப்பிய நாட்களும் 730ல் சேரும். 1,095ல் சேரா. கனடாவின் ராணுவத்திலோ, மத்திய, மாகாண அரசுப் பணியிலோ வெளிநாடு போனவர்களுக்கும், அவர்களோடு வாழும் துணைவர் போன்றோருக்கும் மட்டுமே குடியுரிமைக் கணக்கில் விலக்கு உண்டு. "கம்பெனிதானே அனுப்பியது" என்று பெங்களூரில் ஒரு வருடம் இருக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

இந்த வித்தியாசம் நம் வயதுக்காரர்களையும் நேரே தொடுகிறது. பிள்ளை ஸ்பான்சர் செய்து பி.ஆர். பெற்ற பெற்றோர் பலர், குளிருக்குப் பயந்து ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருக்கிறார்கள். 5 ஆண்டுகளில் அது சுமார் 913 நாட்கள். பி.ஆர். நிலைக்கும், ஆனால் இப்படியே 20 வருடம் போனாலும் குடியுரிமைக்குத் தகுதி வராது. வருடத்துக்குச் சராசரி 219 நாட்கள், அதாவது ஏழு மாதத்துக்குச் சற்று அதிகம் தேவை. 55 வயதானவர்களுக்குத் தேர்வும் மொழியும் இல்லை என்பது உண்மை. நாட்கணக்கில் சலுகை இல்லை. பேரக் குழந்தைகள் விஷயம் வேறு: தகப்பனோ தாயோ கனடியக் குடிமகனாக இருந்தால், அல்லது கூடவே விண்ணப்பித்துக் குடிமகனானால், பி.ஆர். ஆன 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இந்த நாட்கணக்கே கிடையாது. விடுமுறைக்குத் தாராளமாக அனுப்பச் சொல்லலாம்.

பழைய அறிவுரை எங்கிருந்து வந்தது?

"வீடு இருந்தால் போதும்" என்பது வெறும் வதந்தியல்ல. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1977ல் வந்த சட்டம் 4 ஆண்டுகளில் 3 ஆண்டு "வசிப்பு" வேண்டும் என்றது. வசிப்பு என்றால் என்ன என்று விளக்கவில்லை. அமெரிக்காவுக்குப் படிக்கப் போன ஒரு மாணவரின் வழக்கில், 1978ல் கனடாவின் மத்திய நீதிமன்றம், கனடாவில் வீட்டை நிலைநிறுத்திவிட்டுப் போனவர் அங்கே வசிப்பவரே என்று கொண்டது. 1992ல் கூ என்பவர் வழக்கில், வாழ்க்கையின் மையம் எங்கே என்று பார்க்க ஆறு கேள்விகளை வகுத்தார்கள். 1993ல் இன்னொரு நீதிபதி, உடலளவில் இருந்த நாட்களையே எண்ண வேண்டும் என்றார். ஆக, எந்த நீதிபதி முன் வழக்கு வருகிறதோ அதைப் பொறுத்து முடிவு மாறியது. 2015ல் சட்டத்திலேயே உடலளவில் இருப்பு என்று எழுதி இந்தக் குழப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். ஆகவே முன்பு குடியுரிமை பெற்ற பெரியவர் சொல்லும் அனுபவம் அவர் காலத்துக்குச் சரி, இன்றைக்குச் செல்லாது.

விண்ணப்பித்த பிறகு

விண்ணப்பம் கொடுத்த பின் பயணம் செய்யத் தடையில்லை. நாட்கணக்கு கையெழுத்திட்ட தேதியோடு முடிந்தது. ஆனால் மூன்று விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது, பிரமாணம் எடுக்கும் நாள் வரை பி.ஆர். அந்தஸ்து நிலைத்திருக்க வேண்டும். 730 நாள் விதி அதுவரை தொடரும். இரண்டாவது, இலாகாவின் கடிதத்துக்குக் காரணமின்றிப் பதில் தராவிட்டால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ள அவர்களுக்கு அதிகாரம் உண்டு. மூன்றாவது, பிரமாணத்தின்போது கனடாவில் இருக்க வேண்டும். இந்தியாவில் இருக்கும்போது பி.ஆர். அட்டை காலாவதியாகிவிட்டால், விமானம் ஏறவே தனிப் பயண ஆவணம் வாங்க வேண்டியிருக்கும். கிளம்புமுன் அட்டையின் தேதியைப் பார்ப்பது அவசியம்.

ஒரு பதிவேடு

ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் ரயில் பதிவேடு ஒன்று இருக்கும். வண்டி வந்ததும் போனதும் அப்போதைக்கப்போதே அதில் ஏறிவிடும். ஞாபகத்திலிருந்து எழுதும் பழக்கம் அங்கே கிடையாது. பிள்ளைகளும் ஒரு நோட்டில் கிளம்பிய தேதி, திரும்பிய தேதி, போன நாடு, காரணம், வெளிநாட்டு நாட்கள் என்று ஐந்து பத்தி போட்டு, ஒவ்வொரு பயணம் முடிந்ததும் எழுதட்டும். அன்றே போய்த் திரும்பிய அமெரிக்கப் பயணங்களும் அதில் ஏறட்டும். போர்டிங் பாஸ், டிக்கெட், பழைய பாஸ்போர்ட் எதையும் எறிய வேண்டாம். எல்லா முத்திரையும் பாஸ்போர்ட்டில் விழுவதில்லை.

கனடா அரசு இப்போது உள்ளே வருபவர்களைப் போலவே வெளியே போகிறவர்களையும் பதிவு செய்கிறது. தரை எல்லையில் 2019லும் விமானப் பயணத்தில் 2020லும் இந்த முறை முழுமையடைந்தது. விண்ணப்பத்தை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒரு பயணத்தை மறைத்தால் விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு, 5 ஆண்டுகள் மறுபடி குடியுரிமை பெற முடியாமலும் போகலாம். குடியுரிமை கிடைத்த பின் தெரிய வந்தாலும் அதைப் பறிக்கச் சட்டம் இடம் தருகிறது. நியாயமாகச் சொன்ன 75 நாள் வெறும் தாமதம். மறைத்த 5 நாள் குற்றம்.

கடைசியாக ஒன்று. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. கனடியப் பிரமாணம் எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும்; பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். பிறகு ஓ.சி.ஐ. அட்டை பெற்று வந்து போகலாம், ஆனால் இங்கே ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. அதையும் யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

அடுத்த முறை பிள்ளை தொலைபேசியில் "வரலாமா, நாள் குறையுமே" என்று தயங்கினால், எத்தனை நாள், எந்தத் தேதி என்று கேளுங்கள். காகிதத்தில் கழித்துப் பாருங்கள். பெரும்பாலும் விடை, "வந்துவிட்டுப் போ, தேதி கொஞ்சம் தள்ளும்" என்பதாகவே இருக்கும்.