பெயரில்லாத கார்பன் ஃபிரேம்: எதை மிச்சம் பிடிக்கிறோம்?

சீனாவின் சியாமென், டோங்குவான், ஷென்ஜென் வட்டாரங்களில் உள்ள ஆலைகளிலிருந்து, எந்த நிறுவனத்தின் பெயரும் பொறிக்கப்படாத கார்பன் சைக்கிள் ஃபிரேமை நேரடியாக வரவழைப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஃபிரேமும் ஃபோர்க்கும் சேர்ந்து 500 முதல் 1,000 டாலருக்குள் முடிந்துவிடும். பெரிய நிறுவனத்தின் உச்சரக ஃபிரேம் 5,000 டாலரைத் தொடுகிறது. இவ்வளவு பெரிய விலை வித்தியாசம் இருக்கும் இடத்தில் நம்பிக்கைகள் தாமாகவே முளைக்கும். "எல்லாமே ஒரே ஆலையில்தான் தயாராகிறது, மிச்சமெல்லாம் ஸ்டிக்கருக்குக் கொடுக்கும் காசு" என்பது ஒரு தரப்பு. "சீனச் சரக்கு, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே முறியும்" என்பது எதிர்த் தரப்பு. இரண்டு தரப்பும் ஒரே தவறைத்தான் செய்கின்றன. பொருள் எந்த ஊரில் செய்யப்பட்டது என்பதை வைத்துத் தீர்ப்பு எழுதுகின்றன. ஃபிரேமுக்குள் கார்பன் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, அதை யார் சோதித்தார்கள், பழுது வந்தால் யார் பொறுப்பேற்பார்கள் என்ற கேள்விகளுக்கு ஊரின் பெயர் விடை சொல்லாது.

ஒரே ஆலை என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. 1972இல் தைவானில் தொடங்கிய ஜயன்ட், தன் பெயரில் சைக்கிள் விற்பதோடு மற்ற நிறுவனங்களுக்கும் ஃபிரேம் செய்து கொடுத்து வளர்ந்த நிறுவனம். அதே ஆண்டு தோன்றிய மெரிடா, 2001 முதல் அமெரிக்காவின் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தில் கணிசமான பங்கு வைத்திருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்கப் பெயர்கள் தாங்கிய கார்பன் ஃபிரேம்களில் பெரும்பாலானவை தைவானிலோ சீனாவிலோதான் உருவாகின்றன. ஆனால் பெரிய நிறுவனம் ஆலைக்குக் கொடுப்பது வெறும் ஆர்டர் அல்ல. வரைபடம், அச்சு, எந்த இடத்தில் எத்தனை அடுக்கு எந்தக் கோணத்தில் வரவேண்டும் என்ற அட்டவணை எல்லாம் அதனுடையவை. அந்த அச்சில் வார்த்ததை ஆலை வேறு யாருக்கும் விற்க முடியாது. ஒரே பட்டறையில் தேக்குக் கதவும் பிளைவுட் கதவும் செய்கிறார்கள் என்பதால் இரண்டும் ஒரே கதவாகிவிடுவதில்லை. நேரடி விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் 'ஓப்பன் மோல்டு' எனப்படும் வகை; அச்சு ஆலைக்கே சொந்தம், யார் கேட்டாலும் கிடைக்கும். மேலை நாட்டுச் சிறு நிறுவனங்கள் சில இதே ஃபிரேம்களை வாங்கித் தங்கள் பெயரை எழுதி இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்பதுண்டு. ஸ்டிக்கருக்குக் காசு என்ற புகார் அவர்கள் விஷயத்தில் நியாயமானது.

அச்சு ஒன்றானாலும் ஃபிரேம் ஒன்றாகாது. இந்த ஒரு செய்தி புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ரெசின் ஊறிய கார்பன் தாள்கள் குளிர்பதன அறையில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றை இயந்திரம் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாக வெட்டுகிறது. பிறகு எல்லாம் கைவேலை: தொழிலாளர் ஒவ்வொரு துண்டாக எடுத்து, இது குழாயின் போக்கிலேயே, இது 45 பாகைச் சாய்வில் என்று அட்டவணைப்படி ஒட்டுகிறார். உள்ளே ரப்பர் பை வைத்து, எஃகு அச்சை மூடிச் சூடேற்றும்போது பைக்குள் காற்றழுத்தம் ஏறி அடுக்குகளை அச்சின் சுவரோடு நெருக்குகிறது. பெடல் அச்சு பொருந்தும் இடம் போன்ற நெருக்கமான மூலைகளுக்குப் பை சரியாக எட்டாவிட்டால் அடுக்குகளுக்கிடையே காற்றுக் குமிழிகள் தங்கும். தாள் சுருங்கி மடிப்பு விழும். ரெசின் ஓரிடத்தில் குளம் கட்டும். மேலே தேய்த்துப் பூசி வண்ணம் அடித்துவிட்டால் இவற்றில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வெளியே ஒரு மில்லிமீட்டர்கூட வேறுபடாத இரண்டு ஃபிரேம்கள் உள்ளே முற்றிலும் வேறாக இருக்க முடியும். வாங்குபவர் படத்தில் பார்ப்பது வெளிப்புறத்தை மட்டும்தான்.

விளம்பரங்களில் அடிக்கடி வரும் டி700, டி800, டி1000 என்ற எண்களும் இதே காரணத்தால் ஏமாற்றக்கூடியவை. இவை ஜப்பானின் டோரே நிறுவனம் தன் இழைகளுக்கு வைத்த பெயர்கள். இழுவிசையில் அறுபடாமல் தாங்கும் வலிமையைக் குறிப்பவை. ஃபிரேமின் விறைப்பு வேறு ஒரு குணத்தைப் பொறுத்தது. டி800, டி1000 இரண்டின் விறைப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். விறைப்பு மிகுந்த இழைகள் பொதுவாக அடி தாங்குவதில் பின்தங்கும். அதனால் நல்ல ஃபிரேமில் பல ரக இழைகளை இடத்துக்கு ஏற்பக் கலந்துதான் அடுக்குவார்கள். 'முழுக்க டி1000' என்பது பெருமைக்குரிய செய்தியும் இல்லை, வீட்டில் இருந்தபடி சரிபார்க்கக்கூடியதும் இல்லை. மேலே தெரியும் 3கே நெசவு, ஓர் இழைக்கற்றையில் மூவாயிரம் நுண்ணிழைகள் என்பதைச் சொல்கிறது. அந்த மேலடுக்கு பெரும்பாலும் அழகுக்குத்தான்.

இனி எதிர்த் தரப்பின் அச்சம். பெயரில்லாதது எல்லாம் ஆபத்தானது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஐஎஸ்ஓ 4210 என்ற பன்னாட்டுத் தரவிதியின் ஆறாம் பகுதி ஃபிரேமையும் ஃபோர்க்கையும் சோதிக்கும் முறைகளை விவரிக்கிறது. பெடல் மிதிக்கும் விசையை ஒரு லட்சம் முறை மாற்றி மாற்றிக் கொடுப்பது, 22.5 கிலோ எடையைச் சக்கரத்தின் திசையிலிருந்து விழச் செய்வது போன்றவை அதில் அடக்கம். இச்சோதனைகளை முறையாகச் செய்யும் சீன ஆலைகள் உண்டு. கேட்டால் அறிக்கையை அனுப்புவார்கள். அந்த அறிக்கை எந்த மாடலுக்கு, எந்த அளவுக்கு, எந்த ஆண்டு எடுத்தது என்று பார்ப்பது வாங்குபவர் வேலை. பன்னாட்டு சைக்கிள் ஒன்றியமான யுசிஐ 2011 முதல் ஃபிரேம்களுக்கு வழங்கும் ஒப்புதல் முத்திரையைப் பாதுகாப்புச் சான்று என்று பலர் நினைக்கிறார்கள். அது ஃபிரேமின் வடிவமும் அளவுகளும் பந்தய விதிக்குள் அடங்குகின்றனவா என்பதைத்தான் சொல்கிறது. உறுதியைப் பற்றிப் பேசுவதில்லை.

பெரிய பெயர்களும் முறிகின்றன. 2021 மார்ச்சில் பெல்ஜியத்தின் லெ சமான் பந்தயத்தில் சைக்கிள் வீரர் மாத்தியூ வான் டெர் பூலின் ஹேண்டில்பார் ஒரு பக்கம் முறிந்து தொங்கியதை உலகமே பார்த்தது. அவர் ஓட்டியது கேன்யன் நிறுவனத்தின் ஏரோடு மாடல். அதே ஆண்டு ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் டார்மாக் எஸ்எல்7 சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. ஃபோர்க்கை ஹேண்டில்பாரோடு இணைக்கும் ஸ்டீரர் குழாயில் விரிசல் விழும் அபாயம் கண்டறியப்பட்டிருந்தது. மெல்போர்னில் கார்பன் ஃபிரேம்களை மீயொலியால் சோதித்தும் அறுத்தும் காட்டும் பொறியாளர் ராவுல் லூஷர், புகழ்பெற்ற பெயர்களின் ஃபிரேம்களுக்குள்ளும் குமிழிகளையும் மடிப்புகளையும் வெளிக்கொண்டு வந்திருக்கிறார். அப்படியானால் எதற்காக அந்தப் பெயருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. அதற்கான விடை அதே நிகழ்ச்சிகளிலேயே இருக்கிறது. கேன்யன் அந்த மாடலை வைத்திருப்போரிடம் ஓட்டுவதை நிறுத்தச் சொன்னது. ஸ்பெஷலைஸ்டு குறையுள்ள பாகத்தைச் செலவில்லாமல் மாற்றிக் கொடுத்தது. வரிசை எண், விற்பனைப் பதிவு, கடைகளின் வலை, நீதிமன்றத்துக்கு இழுக்கக்கூடிய ஒரு முகவரி எல்லாம் இருந்ததால்தான் இது நடந்தது. பெயரில்லாத ஃபிரேமில் ஒரு தொகுதி முழுக்கக் குறை இருந்தாலும் அதை வாங்கியவர்களைத் தேடிச் சொல்ல ஆளில்லை. விற்பனையாளர் நல்லவராக இருந்தால் படம் அனுப்பச் சொல்லி மாற்று ஃபிரேம் தருவார். கப்பல் கூலி பெரும்பாலும் உங்கள் தலையில். அடிபட்டால் கேட்க வழியே இல்லை. மிச்சம் பிடிக்கும் பணத்தில் விளம்பரச் செலவும் கடைக்காரர் லாபமும் அடக்கம் என்பது உண்மை. கூடவே இந்தப் பொறுப்பும் கழிக்கப்பட்டிருக்கிறது. இறக்குமதியாளர், தரச் சோதகர், உத்தரவாதம் தருபவர் மூவரும் வாங்கியவரே.

உடையும் பயத்தில் மூழ்கியவர்கள் கவனிக்காத தொல்லை பொருத்தத்தில் இருக்கிறது. பிபி86 வகை பெடல் அச்சுத் துளை 41 மில்லிமீட்டர் விட்டமும் சரியான வட்டமும் கொண்டிருக்க வேண்டும். இருபுறத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலே மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சிடும், பேரிங் சீக்கிரம் தேயும். ஃபிரேம் வந்ததும் வெர்னியர் கருவியை வைத்துத் துளையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் பாதிப் பிரச்சினை அன்றே தெரிந்துவிடும். திருகு மறை உள்ள துளை கிடைத்தால் அதையே எடுப்பது நல்லது. பின்புறம் கியர் மாற்றும் டிரெய்லியர் தொங்கும் சிறு அலுமினிய ஹேங்கர் இன்னொன்று. கீழே விழுந்தால் முதலில் வளைவது அதுதான். அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும் ஹேங்கராக இருந்தால் ஆர்டரின்போதே இரண்டு கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும். எஸ்ராம் நிறுவனத்தின் பொது ஹேங்கர் முறையை ஏற்ற ஃபிரேம் என்றால் இந்தக் கவலை இல்லை.

பெயரில்லாத ஃபிரேமும் போலி ஃபிரேமும் ஒன்று என்ற நினைப்பையும் விட்டுவிட வேண்டும். பினரெல்லோ போன்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரையும் வளைவுகளையும் திருடி விற்பது மோசடி. சுங்கத்தில் பறிமுதல் ஆனால் பணம் போனதுதான். சுங்கக் கணக்கிலும் கவனம் வேண்டும். இந்தியாவில் பொருளின் விலையோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்த தொகைக்கு வரி விழும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சீனச் சைக்கிள்களுக்கான 48.5 சதவீதப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி, வண்ணம் பூசிய ஃபிரேம்களுக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பார்சலில் விலையைக் குறைத்து எழுதுகிறேன் என்று விற்பனையாளர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது சட்ட மீறல். பார்சல் தொலைந்தாலும் நொறுங்கினாலும் அந்தக் குறைந்த விலைதான் உங்கள் இழப்பீட்டின் எல்லை.

பல ஆண்டுகளாக ஒரே பெயரில் விற்றுவரும், மாடல் வாரியாகச் சோதனை அறிக்கை காட்டும் ஆலையிடம், சைக்கிளைத் தானே பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒருவர் ஃபிரேம் வாங்குவதில் நான் தவறு காணவில்லை. ஃபோர்க்கையும் ஹேண்டில்பாரையும் அதே கண்ணோடு பார்க்க மாட்டேன். ஃபிரேமின் பின்முக்கோணத்தில் விரிசல் விழுந்தால் பெரும்பாலும் சத்தமோ தளர்வோ முதலில் தெரியும், நிறுத்த நேரம் இருக்கும். இறக்கத்தில் ஸ்டீரர் முறிந்தால் அந்த நொடியே முகம் தரையில். ஆலை சம்மதித்தால் ஃபிரேமை மட்டும் வாங்கி, ஃபோர்க்குக்குப் பொறுப்பேற்கும் பெயருள்ள நிறுவனம் ஒன்றிடம் போகலாம். ஸ்டீரர் விட்டமும் ஃபோர்க்கின் உயரமும் பொருந்துகின்றனவா என்பதைப் பணம் கட்டும் முன் வரைபடத்தில் சரிபார்த்துவிட வேண்டும்.