எலும்பு வளரச் சாரம்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் சென்றது. 2001ஆம் ஆண்டில் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்படும் வரை, பாறை வெடிப்பு அங்குள்ள தொழிலாளருக்குப் பேரச்சமாக விளங்கிற்று. விழும் பாறையில் அகப்பட்டவரின் எலும்பு முறிவதோடு, அதன் ஒரு பகுதி நொறுங்கிப் போவதும் உண்டு. முறிந்த எலும்பு தானே கூடவல்லது. இடைவெளி பெரிதாயின் கூடாது. அவ்விடத்தில் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுத்து வைப்பது வழக்கம். இதனால் இரண்டாவது புண் உண்டாகிறது. எடுக்கத்தக்க எலும்பும் சிறிதே. இக்குறையை நீக்கவே எலும்புச் சாரம் ஆராயப்படுகிறது.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் வகைத் தாது. எஞ்சியதில் பெரும்பகுதி கொல்லாஜன் என்னும் புரதம். ஆசிரியர் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். கோழியெலும்பு ஒன்றைச் சில நாட்கள் வினிகரில் ஊறவைத்தால், தாது கரைந்து எலும்பு ரப்பர்போல் வளையும். மற்றொன்றை நெருப்பில் நன்றாகச் சுட்டால், புரதம் எரிந்து, தொட்டதும் நொறுங்கும். முன்னது வளைவுத் தன்மையையும் பின்னது கடினத்தையும் விளக்கும்.

சுரங்கத்தில் நிறுத்தும் தாங்கல் நிலைத்து நிற்க வேண்டும். எலும்புச் சாரமோ, கட்டடச் சாரம்போல், வேலை முடிந்ததும் நீங்க வேண்டும். உயிரணுக்களும் இரத்தக் குழாய்களும் நுழைய, அதில் ஒன்றோடொன்று இணைந்த நுண்துளைகள் வேண்டும், அவை 0.1 மில்லிமீட்டருக்குக் குறையாதிருத்தல் நன்று. சாரம் விரைவிற் கரைந்தால் தாங்கல் இராது; கரையாவிடில் புதிய எலும்புக்கு இடமிராது. ஹைட்ராக்சி அபடைட் மிக மெதுவாகவும், டிரைகால்சியம் பாஸ்பேட் அதனினும் விரைவாகவும் கரையும். இவற்றைக் கலக்கும் விகிதத்தால் கரையும் வேகத்தை அமைக்கலாம்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் ஆய்வாளர், கால்சியம் சிலிகேட்டையும் இவ்விரு பொருள்களுடன் சேர்த்து ஒரு சாரம் செய்தனர். ஆட்டின் தொடையெலும்பில் ஏற்படுத்திய இடைவெளியில் அதனை வைத்துச் சோதித்த முடிவுகள் 2009இல் வெளியாயின. அவ்விலங்கின் சொந்த உயிரணுக்களை ஏற்றிய சாரத்தில், வெறும் சாரத்தைவிட எலும்பு நன்கு வளர்ந்தது; சாரமும் மேலும் கரைந்தது.

எனினும், இத்தகைய பீங்கான் சாரங்கள் எளிதில் உடைபவை. உடற்பாரம் தாங்கும் கால் எலும்பில் உலோகத் தகட்டின் துணை வேண்டும். ஆதலால், முறிந்த உறுப்பை அசையாமற் கட்டி, தாமதமின்றி மருத்துவமனை சேர்ப்பதே இன்றும் களப்பணியாளரின் முதற்கடமையாகும்.