மீசை வைத்த தாய்

நுழையும்முன்

பாடம் புரியாத மாணவனைப் பார்த்து, ‘இவனுக்குப் படிப்பு வராது’ என்று கூறிவிடுவது எளிது. ‘நான் கற்பித்த முறை சரிதானா?’ என்று ஆசிரியர் தம்மையே கேட்டுக்கொள்வது அரிது. அந்த அரிய வினாவுக்கு விடை தேடியவர் ஒருவரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

தந்தையின் கவலை

குஜராத்தின் சௌராட்டிரப் பகுதியில் 1885ஆம் ஆண்டு பிறந்தவர் கிஜுபாய் பதேகா. இளமையில் பொருளீட்டுவதற்காகக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்று திரும்பிய அவர், பின்னர்ப் பம்பாயில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1913ஆம் ஆண்டு அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அக்குழந்தையை எவ்வாறு வளர்ப்பது, எத்தகைய பள்ளிக்கு அனுப்புவது என்னும் கவலை அவரை வாட்டியது. ஏனெனில், அக்காலப் பள்ளிகளில் பிரம்பும் மனப்பாடமுமே ஆட்சி செய்தன.

அந்நிலையில், இத்தாலி நாட்டுக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் கருத்துகளை அவர் படித்தார். குழந்தை தானே தொட்டும் பார்த்தும் செய்தும் கற்றுக்கொள்ளும். அதற்கேற்ற சூழலை அமைத்துத் தருவதே பெரியோர் கடமை என்பது அம்மையாரின் கொள்கை. அது கிஜுபாயின் வாழ்க்கைப் பாதையையே மாற்றியது.

புதிய பள்ளி

கிஜுபாய் வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு, 1916ஆம் ஆண்டு பாவ்நகரில் இருந்த தட்சிணாமூர்த்தி மாணவர் இல்லத்தில் பணியேற்றார். 1920ஆம் ஆண்டு அங்கே ‘பால மந்திர்’ என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். தண்டனையால் அச்சுறுத்துவதையும் பரிசு காட்டி ஆசையூட்டுவதையும் அவர் ஒருசேர விலக்கினார். மாண்டிசோரி முறையை அவர் அப்படியே பின்பற்றவில்லை. நம் நாட்டுப்புறக் கதைகளையும் பாடல்களையும் ஆட்டங்களையும் நாடகத்தையும் அதனோடு இணைத்தார். அவருடைய தாயுள்ளம் கண்டு குஜராத்தி மக்கள் அவரை ‘மீசை வைத்த தாய்’ என்று பொருள்படும் பெயரால் அன்புடன் அழைத்தனர்.

பகற்கனவு

கிஜுபாய் எழுதிய நூல்களுள் புகழ்பெற்றது ‘திவாஸ்வப்னா’. இதற்குப் ‘பகற்கனவு’ என்பது பொருள். கதை வடிவில் அமைந்த இந்நூலில், ஓர் ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் இசைவு பெற்று, நான்காம் வகுப்பில் ஓராண்டுக் காலம் புதிய முறையைச் சோதித்துப் பார்க்கிறார்.

முதல் நாளே அவருக்குத் தோல்வி! அமைதி காக்கும் விளையாட்டு ஒன்றைத் தொடங்குகிறார். எழுந்ததோ கூச்சலும் கேலியும். ஆயினும் அவர் பிரம்பை எடுக்கவில்லை. பிள்ளைகளைப் பழிக்கவும் இல்லை. தம் திட்டமே அவ்வகுப்புக்குப் பொருந்தவில்லை என உணர்கிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். கூச்சலிட்ட வகுப்பு இப்போது காதுகொடுத்துக் கேட்கிறது!

‘கதை கேட்டால் தேர்வில் தேற முடியுமா?’ என்று பிறர் ஐயுறுகின்றனர். அவரோ கதையின் வழியே படிக்கும் ஆவலைத் தூண்டுகிறார். ஒவ்வொருவரும் ஒரே பாடநூலை வாங்குவதற்கு மாறாக, அப்பணத்தைத் திரட்டி, வகுப்புக்கென ஒரு சிறு நூலகம் அமைக்கிறார். விளையாட்டும் தூய்மையும் நாடகமும் கல்வியின் உறுப்புகளாகின்றன. ஒரு வழி பயன் தரவில்லையெனில் வேறு வழி காண்பதே அவருடைய சோதனையின் சாரம்.

பிள்ளைகளைத் தேடிச் சென்ற பள்ளி

பாவ்நகரில் கிஜுபாயுடன் பணியாற்றிய தாராபாய் மோடக், 1945ஆம் ஆண்டு, இன்றைய மகாராட்டிரத்தில் உள்ள போர்டி என்னும் ஊரில் பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணை நின்றார். அப்பகுதிப் பழங்குடிப் பிள்ளைகள் பலர் மாடு மேய்க்கச் சென்றதால் பள்ளிக்கு வர இயலவில்லை. ‘அவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை’ என்று அவ்விருவரும் கைவிட்டுவிடவில்லை. மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடத்தினர். கற்பலகையும் கன்றுகளும் ஓரிடத்தில் கூடின.

கிஜுபாய் 1939ஆம் ஆண்டு சூன் மாதம் மறைந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் மாண்டிசோரி அம்மையார் இந்தியாவுக்கு வந்து, சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்.

மாணவர்களே! புதிய கல்வி என்பது புதிய கருவிகளோ அழகிய கட்டடங்களோ மட்டுமன்று. கற்க இயலாத குழந்தை என்று எவரையும் ஒதுக்காமல், அக்குழந்தைக்குரிய வழியைத் தேடுவதே புதிய கல்வி. உங்கள் வகுப்பிலும் பின்தங்கிய நண்பர் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு எந்த வழி திறக்கும் என்று நீங்களும் தேடிப் பார்க்கலாம் அல்லவா?

சொல்லும் பொருளும்

இசைவு – ஒப்புதல்
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்
நாட்டம் – விருப்பம்
சாரம் – முதன்மைக் கருத்து

பயிற்சி

அ) பிரித்து எழுதுக: தாயுள்ளம், பொருளீட்டி, அக்குழந்தை.

ஆ) ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. கிஜுபாய் வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டது ஏன்?
2. மேய்ச்சல் நிலத்தில் பள்ளி நடத்தப்பட்டதன் காரணம் யாது?

இ) சிந்தித்து எழுதுக.
முதல் நாள் தோல்வியை அடுத்து அவ்வாசிரியர் பிரம்பை எடுத்திருந்தால் அவ்வகுப்பில் என்ன நிகழ்ந்திருக்கும்? பத்து வரிகளில் எழுதுக.

ஈ) செயல்பாடு
கடினமாகத் தோன்றும் ஒரு பாடப்பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதைக் கதையாகவோ விளையாட்டாகவோ மாற்றி, உங்கள் வகுப்பு நண்பருக்குக் கற்பியுங்கள். எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.