விளக்குப் பட்டையில் இரண்டு விண்மீன்கள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முன்னுரை

திருமண மண்டபம், துணிக்கடை, திருவிழாப் பந்தல் என எங்கு நோக்கினும் இன்று எல்.இ.டி. விளக்குப் பட்டைகள் ஒளிர்கின்றன. அவை காட்டும் கோலங்களுள் நட்சத்திர மினுக்கலும் ஒன்று. ஏதேனும் ஒரு விளக்கைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஏற்றி, அணைப்பதே அதன் வேலை. கண்ணுக்கு அது இனியதே. ஆயினும் இயற்பியல் பயிலும் நமக்கு ஒரு வினா எழ வேண்டும். மினுக்குவது விண்மீனின் செயலா? அன்று. நிலையாக வரும் ஒளியை நம் தலைக்கு மேலுள்ள காற்று இப்படியும் அப்படியும் வளைப்பதால் தோன்றுவதே மினுக்கல்.

ஆனால் உண்மையாகவே ஒளி கூடிக் குறையும் விண்மீன்களும் உள்ளன. அவற்றுட் பல, கணக்குப் பிசகாமல் மாறுகின்றன. மாறும் விதமே மாற்றத்தின் காரணத்தையும் காட்டிக்கொடுக்கிறது. அவ்விதம் கெடாமல் விளக்குப் பட்டையில் ஒரு கோலம் அமைப்பது எப்படி என்பதைக் காண்போம்.

இரு விண்மீன்கள்

பெர்சியஸ் மண்டலத்தில் உள்ளது அல்கால். ஏறக்குறைய இரண்டரை நாள் ஒரே அளவில் ஒளிர்ந்து, பின்னர் ஏறக்குறைய 10 மணி நேரத்தில் மங்கி மீள்கிறது. இஃது 2 நாள் 20 மணி 49 நிமிடத்திற்கு ஒருமுறை நிகழ்கிறது.

1782 ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் யார்க் நகரில் இதைக் கண்டு, இரவிரவாகக் குறித்து வைத்தவர் ஜான் குட்ரிக். குழந்தைப் பருவத்திலேயே செவிப்புலனை இழந்தவர். அப்போது அவருக்கு வயது 18. அருகிலுள்ள விண்மீன்களோடு கண்ணால் ஒப்பிடுவதே அவர் முறை. இருண்ட பொருள் ஒன்று அல்காலைச் சுற்றிவந்து அதை மறைக்கலாம் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். 1783 ஆம் ஆண்டு இராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. அல்கால் இரட்டை விண்மீனே என்பதை 1889 ஆம் ஆண்டு ஃபோகல் என்ற ஜெர்மானியர் நிறமாலை வழியே நிறுவினார்.

1784 ஆம் ஆண்டு குட்ரிக் மற்றொரு விண்மீனையும் கண்டார். அது செபீயஸ் மண்டலத்தின் டெல்ட்டா செபீ. அதன் காலம் 5.37 நாள். சுமார் ஒன்றரை நாளில் விரைந்து பொலிவுற்று, நான்கு நாள்கள் மெல்ல மெல்ல மங்குகிறது. இதை எதுவும் மறைப்பதில்லை. விண்மீனே விரிந்து சுருங்குகிறது. அதன் மேற்பகுதியிலுள்ள ஹீலியம் அடுக்கு அமுக்கப்படும்போது ஒளியை விடாமல் தடுக்கிறது. சிறைப்பட்ட வெப்பம் அடுக்கை வெளியே தள்ளுகிறது. விரிந்ததும் அடுக்கு ஒளியை வெளியே விட்டுவிட்டு மீண்டும் உள்ளே விழுகிறது. கொதிக்கும் பானையின் மூடி எழுந்து விழுவதை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம்.

பட்டை இயங்கும் விதம்

நான் எடுத்துக்கொண்டது ஒரு மீட்டரில் 60 விளக்குகள் உள்ள டபிள்யூ.எஸ். 2812 வகைப் பட்டை. ஒவ்வொரு விளக்கினுள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எல்.இ.டி.களும் ஒரு சிறு சில்லும் உள்ளன. ஒவ்வொரு நிறத்திற்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். ஆக, விளக்கு ஒன்றுக்கு 24 பிட்டுகள். முதல் விளக்கு தனக்குரிய 24 பிட்டுகளை எடுத்துக்கொண்டு எஞ்சியவற்றை அடுத்த விளக்குக்கு அனுப்பும். பந்தியில் இலை வரிசையாகப் பரிமாறப்படுவது போன்றது இது. ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ நொடி என்பதால், 60 விளக்குகளுக்கும் செய்தி சேர 1.8 மில்லி நொடியே ஆகும்.

விளக்கு உண்மையில் மங்குவதில்லை என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. அது மிக வேகமாக எரிந்து அணைகிறது. எரியும் நேரத்தின் விகிதத்தைத்தான் அந்த எண் குறிக்கிறது. ஆகவே வெளிவரும் ஒளி எண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

காலத்தை நீளமாக்குதல்

விண்மீனின் ஒரு நாளை 4 நொடியாகக் கொண்டேன். எனவே 3 மணி நேரம் அரை நொடியாகும். ஒவ்வொரு அரை நொடியிலும் புதிய பொலிவு ஒன்று பட்டையின் வலக்கோடியில் நுழையும். ஏனைய எண்கள் யாவும் ஓரிடம் இடப்புறம் நகரும். அப்போது பட்டை முழுவதும் 180 மணி நேரத்தின், அதாவது ஏழரை நாளின், பதிவாகிவிடுகிறது. வரைபடத்தாளைப் படிப்பது போலவே அதை இடமிருந்து வலமாகப் படிக்கலாம்.

அல்கால் பட்டையில் மூன்று விளக்கு அகலமுள்ள மங்கல், 23 விளக்குகளுக்கு ஒன்றாக நகர்ந்து செல்லும். டெல்ட்டா செபீ பட்டையில் ஓர் அலை 43 விளக்கு நீளம். ஏற்றம் 13, இறக்கம் 30. ஏற்ற இறக்கம் சமமானதன்று என்பதை விளக்குகளை எண்ணியே அறியலாம்.

ஒளியை எண்ணாக்குதல்

விண்மீன்களின் ஒளியைப் பொலிவெண்ணால் அளக்கிறோம். எண் கூடினால் ஒளி குறையும். 1856 ஆம் ஆண்டு போக்சன் வகுத்த முறைப்படி, 5 பொலிவெண் வேறுபாடு 100 மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம். இது மடக்கை அளவை. நம் கண்ணின் உணர்வும் ஏறத்தாழ அவ்வாறே அமைந்துள்ளது. விளக்கின் எண்ணோ நேர் அளவை. இரண்டையும் இணைக்காவிடில் வளைகோட்டின் வடிவம் கெடும்.

இணைக்கும் வழி எளிது. பொலிவெண் வேறுபாட்டை 0.4 ஆல் பெருக்கி, அதை 10 இன் எதிர் அடுக்காக்கி, 255 ஆல் பெருக்க வேண்டும். வேறுபாடு 0.3 எனில் 193, 0.6 எனில் 147, 0.9 எனில் 111, 1.3 எனில் 77. அல்கால் 2.1 இலிருந்து 3.4 வரை மங்குவதால் அதன் அடித்தட்டு 77. டெல்ட்டா செபீ 3.5 இலிருந்து 4.4 வரை மங்குவதால் அதற்கு 111. இவ்விண்மீன் மங்கும்போது குளிர்வும் அடைகிறது. எனவே அப்போது நீல எண்ணை மட்டும் இன்னும் சற்றுக் குறைத்தால் மஞ்சள் சாயல் கிட்டும்.

பட்டையின் எல்லையைக் காட்டுவது திமிங்கில மண்டலத்தின் மீரா. ஏறத்தாழ 332 நாளில் 3 ஆம் பொலிவெண்ணிலிருந்து 9 வரை மங்கி மீளும் விண்மீன் அது. 6 பொலிவெண் என்பது 251 மடங்கு. ஆகவே 255 இல் தொடங்கினால் முடிவது 1 இல்! அந்த அடித்தட்டில் 1 இலிருந்து 2 க்குப் போவதே ஒளியை இரட்டிப்பாக்கிவிடும். 1, 2 ஆகிய எண்களை மாறிமாறி மிக வேகமாக அனுப்பினால் இடைப்பட்ட பொலிவு கண்ணுக்குத் தோன்றும். ஒரே கால அளவில் மீராவுக்கு ஒரு சுற்று 22 நிமிடம் என்பதால் அதற்குத் தனி விளக்கு ஒன்றே போதும்.

செய்ய விரும்பும் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முழு வெண்மையில் ஒரு விளக்கு சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 60 விளக்குக்கு 3.6 ஆம்பியர். இதை ஆர்டுயினோ பலகையிலிருந்து எடுக்கலாகாது. தனியே 5 வோல்ட் மின்வழங்கி வைத்து, இரண்டின் எதிர்முனைகளையும் இணைத்துவிட வேண்டும். பட்டையின் மேல் வெண்தாள் ஒன்றை மூடினால் கண் கூசாது.

பார்த்தவர் கூறியது

இரண்டு பட்டைகளையும் துறை ஆய்வகத்தில் பெயர் எழுதாமல் ஓடவிட்டேன். தமிழ் இலக்கியம் பயிலும் நண்பர் ஒருவர் சிறிது நேரம் நின்று பார்த்தார். “இதை யாரோ கைவைத்து மறைத்து மறைத்து எடுக்கிறார்கள். அது மூச்சு விடுகிறது” என்றார். விண்மீன்களைப் பற்றி நான் அவரிடம் ஒரு சொல்லும் கூறியிருக்கவில்லை. மறைப்பு விண்மீனையும் துடிக்கும் விண்மீனையும் அவர் வடிவத்தைக் கொண்டே பிரித்துவிட்டார். குலுக்கல் முறையில் மினுக்கும் பட்டை எதுவும் இவ்வாறு ஒருவரைச் சிந்திக்க வைத்திருக்க முடியாது.

முடிவுரை

இவ்வகை மாற்றங்களைக் கவனிப்பதால் என்ன பயன் எனச் சிலர் வினவலாம். துடிக்கும் காலம் நீண்டால் விண்மீனின் உண்மை ஒளியும் மிகும் என்பதை 1912 ஆம் ஆண்டு ஹென்ரியட்டா லெவிட் வெளியிட்டார். 1923 ஆம் ஆண்டு ஆண்ட்ரோமீடாவில் அத்தகைய விண்மீன் ஒன்றை ஹபிள் கண்டார். அதன் காலத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டபோது, ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள வேறொரு விண்மீன் கூட்டம் என்பது விளங்கிற்று. அண்டத்தின் அளவே ஒளியின் ஏற்ற இறக்கத்தால் தெரியவந்தது.

குட்ரிக் 1786 ஆம் ஆண்டு தம் 21 ஆம் வயதில் மறைந்தார். நம்மில் பலருக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். பெரிய கருவி இல்லையே எனத் தயங்க வேண்டுவதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை முன்னிரவில் வடதிசை வானில் அல்காலைக் காணலாம். ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் அல்மாக் என்ற விண்மீனுக்கு அது பெரும்பாலும் சமமாக ஒளிரும். என்றேனும் அல்மாக்கைவிட மங்கலாகத் தெரிந்தால், மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மங்கல் எப்போது என்பதைக் கணக்கிட ஒரு தாளும் பென்சிலும் போதும்.