நார்வே படகுகளும் நம் கடலும்

கேள்வி: நார்வேயில் பழைய மரப்படகுகளுக்குத் துறைமுகத்தில் விழா எடுக்கிறார்களாம். படகு வழியாக நமக்கும் அந்த நாட்டுக்கும் உறவு உண்டா?
– வாசகர், தளி

பதில்: உண்டு. இந்தியா, நார்வே, ஐ.நா. சபை மூன்றும் 1952-ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, கொல்லம் அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. துடுப்பையும் பாயையும் நம்பியிருந்த மீனவர்களுக்கு இயந்திரப் படகுகளும் ஐஸ் தொழிற்சாலையும் வந்தன. இறால் ஏற்றுமதி பெருகியது. ஆனால், இழுவை வலைகள் சிறு மீனவர்களின் பிழைப்பில் கை வைத்தன. அவர்கள் விடாமல் போராடியதால்தான் 1988 முதல் கேரளத்தில் மழைக்கால இழுவை வலைத் தடை வந்தது.

நமக்கு இயந்திரம் தந்த நார்வே, தன் மரப்படகுகளைக் கைவிடவில்லை. பலகைமேல் பலகை படியவைத்துக் கட்டும் நார்டிக் நாடுகளின் படகுக்கலை 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நம் கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும், உங்கள் ஊருக்குப் பக்கத்து ஒகேனக்கல் பரிசலுக்கும் அந்தத் தகுதி நிச்சயம் உண்டு. அவற்றைக் கட்டத் தெரிந்த கைகள் இருக்கும்போதே நாமும் விழா எடுக்க வேண்டும்.