ஒளிந்திருக்கும் மீனைத் தேடாதீர்கள்

"சார், நேத்து விட்ட மீனைக் காணோம். செத்துப்போயிருக்குமா?" கடல்நீர்த் தொட்டி புதிதாக வைத்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் செத்திருக்காது, பாறை இடுக்கில் இருக்கும். நன்னீர்த் தொட்டியில் ஒரு மோலியோ கப்பியோ விட்டால் மாலைக்குள் கண்ணாடியருகே வந்து சாப்பாடு கேட்கும். அந்தப் பழக்கத்தில் கடல்மீனிடமும் அதையே எதிர்பார்ப்பதுதான் சிக்கல். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் நாம் வாங்கும் ஃபயர் ஃபிஷ் போன்றவை பெரும்பாலும் கடலில் பிடித்தவை. வலை, பை, விமானம், மொத்த வியாபாரியின் தொட்டி, கடைத் தொட்டி, மறுபடி பை என்று பல கை மாறி வந்தவை. பவளப்பாறையில் விரல் நீள மீன் உயிரோடு இருப்பதே சட்டென்று பொந்துக்குள் போகத் தெரிந்ததால்தான். நம் வீட்டிலும் அதைத்தான் செய்கிறது.

முதலில் பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பயம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மூடிய பையில் மீன் விடும் கரியமிலவாயு தண்ணீரின் பிஎச் அளவைக் குறைக்கும். அதனால் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அவ்வளவு நஞ்சில்லாத அம்மோனியமாகவே இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அம்மோனியா நஞ்சாகிவிடும். ஆகவே விமானத்தில் நெடுநேரம் பையில் கிடந்து வந்த மீனுக்கு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குவது கெடுதல். உள்ளூர்க் கடையில் வாங்கி ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டால் அரை மணி நேரம் அப்படிப் பழக்கலாம்.

அதற்கும் முன்னால் பைத் தண்ணீரின் உப்பை அளந்துவிடுங்கள். ஒட்டுண்ணியை அடக்கவும் உப்புச் செலவைக் குறைக்கவும் பல கடைகளில் உப்பைக் குறைத்தே வைத்திருப்பார்கள். நம் தொட்டியில் ஒப்படர்த்தி 1.025 இருக்கும், பையில் 1.019 காட்டும். குறைந்த உப்பிலிருந்து கூடிய உப்புக்கு ஒரே நாளில் தாவுவது மீனை உருக்குலைத்துவிடும். புது மீனை முதலில் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியைக் கடையின் அளவுக்கே தயார் செய்து, மீனை விட்டபின் சில நாட்களில் மெல்ல ஏற்றுவதே என் வழக்கம். பைத் தண்ணீரை எந்தத் தொட்டியிலும் ஊற்றுவதில்லை.

தனிமைத் தொட்டி என்றால் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். சின்னக் கண்ணாடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், பிளம்பிங் கடையில் கிடைக்கும் பிவிசி எல்போ நாலைந்து. நான்கு வாரம் அங்கே இருந்தால் வெண்புள்ளி நோய் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஒளிய இடம் வைத்தால் மீன் வெளியே வராது என்று சிலர் வெறும் தொட்டியில் விடுகிறார்கள். நடப்பது நேர்மாறாக இருக்கும்: ஓடி ஒளியப் பக்கத்தில் ஒரு குழாய் உண்டென்று தெரிந்த மீன்தான் தைரியமாக வெளியே நீந்தும்.

பெரிய தொட்டிக்கு மாற்றும் நாளில் விளக்கே போடாதீர்கள், அறை வெளிச்சம் போதும். மறுநாள் நீல விளக்கு மட்டும். தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்துத் தேடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பார்த்தே ஆகவேண்டுமென்றால் இரவில் சிவப்பு விளக்கில் பாருங்கள், பல மீன்களை அது அவ்வளவாக மிரட்டுவதில்லை.

எந்த மீன் எப்படி ஒளியும் என்று தெரிந்திருந்தால் பாதிக் கவலை போய்விடும். ஃபயர் ஃபிஷ் தனக்கென்று ஒரு பொந்தைப் பிடித்து, அதன் வாசலிலேயே முதுகு முள்ளை ஆட்டிக்கொண்டு மிதக்கும். மிரண்டால் துள்ளித் தரையில் விழும், தொட்டிக்கு வலை மூடி கட்டாயம். மணலில் புதையும் ராஸ் வகைகள் வந்த அன்றே மணலுக்குள் போய்ச் சில நாள் தலைகாட்டாமல் இருப்பதும் உண்டு. தோண்டிப் பார்க்காதீர்கள், தானே எழுந்து வரும். ராயல் கிராமா பாறையடியில் தலைகீழாக நிற்கும். அது நோயில்லை, அதன் இயல்பு.

கூச்சம் வேறு, அடிதடி வேறு. புது மீன் ஹீட்டர் பின்னாலோ மேல் மூலையிலோ ஒடுங்கி நின்று, துடுப்பு கிழிந்திருந்தால் யாரோ துரத்துகிறார்கள். என் அனுபவத்தில் குற்றவாளி பெரும்பாலும் டாம்சல்தான். நாலு மாதம் முன்னால் குடிவந்த வாடகைக்காரர் தெருவே தனது என்று நடப்பதுபோல நடந்துகொள்ளும். துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் புது மீனைச் சில நாள் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டுப் பழக்கலாம். பாறைகளை இடம் மாற்றி வைத்தால் பழையவரின் எல்லைகளும் கலைந்துபோகும். டாங் மீன் துரத்தினால் வெளிக் கண்ணாடியில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள், தன் பிம்பத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

துணைக்கு ஓர் அச்சமில்லாத மீன் இருந்தால் கூச்சக்காரர்கள் சீக்கிரம் தெளிவார்கள். அதற்குத் தொட்டியில் பிறந்து வளர்ந்த கோமாளி மீன் ஜோடியே என் தேர்வு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இவற்றை இனப்பெருக்கம் செய்கிறார்கள். மனிதரைக் கண்டு பழகியவை, பெல்லெட்டும் தின்னும். அவை வெளியே நீந்துவதைப் பார்த்தால் மற்றவையும் ஆபத்தில்லை என்று வெளியே வரும்.

சாப்பாட்டில் அவசரம் கூடாது. வேவ்மேக்கரைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, தொட்டியின் ஒரு முனையில் பழைய மீன்களுக்குப் போடுங்கள். மறுமுனையில் நீண்ட பிப்பெட்டால் உறைந்த மைசிஸ் இறாலைப் பொந்து வாசலில் விடுங்கள். மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அம்மோனியா ஏறும். ஒளிந்தபடியே தின்கிற மீனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. செவுள் வேகமாக அடிப்பது, மேற்பரப்பில் வாய் திறந்து தவிப்பது, பாறையில் உரசிக்கொள்வது, வயிறு ஒட்டிப்போவது ஆகியவற்றைக் கண்டால்தான் உடனே தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

வாங்குகிற அன்று கடைக்காரரிடம், "அண்ணே, கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார். உங்கள் கண்ணெதிரே தின்னாத மீனை எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.